விடுமுறைச் செய்திக்குத் தேதி போடுங்கள், ஆசிரியரே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பேப்பரை வீட்டுக்கு வாங்குகிறவன், உங்கள் இணையதளத்தைப் போனில் பார்க்கிறவன் என்ற இரண்டு உரிமையிலும் இதை எழுதுகிறேன். பேப்பரில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதியும் கிழமையும் இருக்கின்றன, யாரும் கேட்காமலே அச்சாகி வருகின்றன. அதே செய்தி இணையத்துக்குப் போய் அங்கிருந்து படமாக வாட்ஸ்அப்புக்கு வரும்போது தேதி எங்கோ கழன்று விழுந்துவிடுகிறது. சமவெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம், மழைக்காலத்தில் இங்கே அப்படி இல்லை.

கோத்தகிரி பக்கம் எங்கள் ஊரில் மழை நாள் காலை எப்படி விடிகிறது தெரியுமா? 'கனமழை எதிரொலி: நீலகிரியில் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை' என்று உங்கள் லோகோவோடு ஒரு கார்டு குரூப்பில் வந்து விழும். குடை பிடித்துப் போகும் பிள்ளைகள் படம், சிவப்புப் பட்டையில் பெரிய எழுத்து, எல்லாம் இருக்கும், தேதி மட்டும் இருக்காது. அது போன வருஷத்துக் கார்டு. வேன் டிரைவருக்கு வீட்டுக்கு வீடு போன், "அண்ணா, வண்டி வருமா வராதா?" என்று. அவர் பாதிப் பேருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் மீதி வீடுகளில் பிள்ளைகள் மறுபடி கம்பளிக்குள் போயிருப்பார்கள். இதைவிட மோசம், உண்மையாகவே விடுமுறை விட்ட நாளில் "இதுவும் பழசாத்தான் இருக்கும்" என்று பிள்ளையைக் கொட்டுகிற மழையில் கிளப்பி அனுப்புவது. அதுவும் நடக்கிறது.

அப்புறம் இடம். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா, உதகை பக்கம் வெளுத்து வாங்கும்போது கோத்தகிரியில் வெயிலடிக்கிற நாளும் உண்டு, எங்களுக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அதனால் ஆறு தாலுகாவில் நாலுக்கு மட்டும் விடுமுறை என்று கலெக்டர் அறிவிப்பது இங்கே சகஜம். தலைப்பில் மொத்தமாக 'நீலகிரி' என்று போட்டுவிடுகிறீர்கள். அதுகூடப் பரவாயில்லை, 'பள்ளிகளுக்கு விடுமுறை! எந்த மாவட்டம் தெரியுமா?' என்று ஒரு தலைப்பு வருகிறதே, அதை எழுதுகிறவர் ஒரு நாள் எங்கள் ஊர் சிக்னலில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். முதல் பத்தி 'தமிழகத்தில் பருவமழை தீவிரமடைந்துள்ள நிலையில்' என்று ஆரம்பிக்கும், அடுத்து ஒரு விளம்பரம், அடுத்த பத்தி வானிலை மையம் ஏற்கெனவே சொன்னது, மூலையில் தானாக ஓட ஆரம்பிக்கும் ஒரு வீடியோ, அதை மூட அரிசி அளவில் ஒரு பெருக்கல் குறி. மாவட்டத்தின் பெயர் வருகிற வரியைத் தொடப்போகும்போது மேலே இன்னொரு விளம்பரம் லோடு ஆகி வரி கீழே குதிக்கும், விரல் போய் விளம்பரத்தில் விழும். இந்தக் குதிப்பை ஒரு குறையாகவே அளந்து, 2021 முதல் தேடல் வரிசையில் கணக்கில் எடுத்துக்கொள்வதாகக் கூகுளே அறிவித்திருக்கிறது. ஆனாலும் குதித்துக்கொண்டுதான் இருக்கிறது.

தப்பு முழுக்க உங்களுடையது என்று சொல்லவில்லை. போனில் இருக்கும் செயலிகளை வடிவமைத்தவர்களுக்குத் தேதி என்றாலே ஏதோ ஒவ்வாமை போல. வாட்ஸ்அப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் இந்தியாவில் வதந்தியால் ஆட்களை அடித்துக் கொன்ற சம்பவங்கள் நடந்தபோது 'ஃபார்வர்டு' என்று அடையாளம் போட்டார்கள், ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் அனுப்ப முடியாது என்றார்கள், 2020-ல் பலமுறை சுற்றி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். நல்லதுதான். ஆனால் அந்தச் செய்தி முதன்முதலில் எப்போது கிளம்பியது என்று மட்டும் காட்ட மாட்டார்கள். கடைசியாக அனுப்பியவர் அனுப்பிய நேரம்தான் மூலையில் நிற்கும். அது காலை 5:52 என்றால், கலெக்டரே 5:52-க்கு எழுந்து அறிவித்தது போல இருக்கும். போனில் எடுத்த போட்டோவுக்குள் எடுத்த நாளும் நேரமும் பதிந்திருக்கும், அதையும் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது உரித்துவிடுகிறார்கள். எடுத்த இடம் வெளியே தெரியாமல் இருக்க அது உதவும், சரி. தேதியும் சேர்ந்து போய்விடுகிறது என்பதுதான் பிரச்சினை.

லிங்க்கை அனுப்பினாலும் கதை இதேதான், தலைப்பு வரும், படம் வரும், தளத்தின் பெயர் வரும், தேதி வராது. இன்ஸ்டாகிராம் 2016-லேயே நேர வரிசையை விட்டுவிட்டு, நமக்குப் பிடிக்கும் என்று அது நினைப்பதை மேலே தள்ள ஆரம்பித்தது. அதனால் முந்தாநாள் மண்சரிவு இன்று காலை முதல் பதிவாக வந்து நிற்கும். மேட்டுப்பாளையம்-குன்னூர் ரோட்டில் பர்லியார் பக்கம் மண் விழுந்துவிட்டது என்று ஒரு பழைய வீடியோ கிளம்பினால் போதும், குன்னூர் வழியாக நிம்மதியாகப் போயிருக்க வேண்டிய வண்டியெல்லாம் கோத்தகிரி ரோட்டில் வந்து அடைத்துக்கொள்ளும். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. மழைச் செய்தியை நாங்கள் பொழுதுபோக்காகப் படிப்பதில்லை.

விடுமுறையோடு நிற்பதில்லை இது. தேயிலை வாரியம் பசுந்தேயிலைக்கு மாதாமாதம் விலை அறிவிக்கிறது, மாதம் போடாத விலை கார்டைக் காட்டி இலை ஏஜென்டிடம் மல்லுக்கு நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் 2024 மே 7-ல் வந்தது, 2025 ஏப்ரலிலிருந்து உதகைக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று ஐகோர்ட் வரம்பு வைத்தது. இரண்டு வருஷத்துச் செய்தியையும் கலந்து படித்துவிட்டு, சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் "பாஸ் வேணுமா வேணாமா?" என்று எங்களிடம் கேட்கிறார்கள்.

படிக்கிறவன் கவனமாகப் படிக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். கார்டில் தேதியே இல்லாதபோது எதைக் கவனிப்பது? இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகை 2019-ல் ஒரு காரியம் செய்தது. பழைய செய்தியை யாராவது பகிர்ந்தால் அதோடு வரும் படத்தின் மேலேயே அது எந்த வருஷத்துச் செய்தி என்று தெரியும்படி வைத்தது. 2020-ல் ஃபேஸ்புக்கும், 90 நாளுக்கு மேல் பழசான செய்தியைப் பகிரப் போனால் ஒரு நிமிஷம் நிறுத்திக் கேட்க ஆரம்பித்தது. பெரிய விஞ்ஞானம் ஒன்றும் தேவைப்படாத வேலை.

உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. விடுமுறை, மண்சரிவு, போக்குவரத்து மாற்றம், இந்த மூன்று வகைக் கார்டிலாவது படத்துக்குள்ளேயே, வெட்டி எறிய முடியாத இடத்தில், தேதியையும் தாலுகா பெயரையும் தலைப்பு எழுத்தின் அளவிலேயே போடுங்கள். ஓரத்தில் சாம்பல் நிறத்தில் போட்டால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாது. அந்த நாள் முடிந்ததும் இணையதளத்தில் அந்தச் செய்தியின் தலையில் 'இது இன்ன தேதிக்கு மட்டும்' என்று ஒரு பட்டை வையுங்கள். பழைய செய்தியில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு 'புதுப்பிக்கப்பட்டது' என்று இன்றைய தேதியைக் காட்டுவது நேற்றைய இட்லியை ஆவியில் வைத்து எடுத்துப் பரிமாறுவது மாதிரி, அதை நிறுத்துங்கள். 'எந்த மாவட்டம் தெரியுமா?' தலைப்பை மழை நாளில் மட்டுமாவது விட்டுவிடுங்கள், சினிமாச் செய்திக்கு வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை.

செய்வதாக இருந்தால் அக்டோபருக்கு முன்னால் செய்யுங்கள். எங்கள் பக்கம் மழை அப்போதுதான் ஆரம்பிக்கும்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்