பருப்பு டப்பாவில் மாட்டிய ஹெட்போன்

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, நீ கேட்ட கேள்விதான் காரணம். "ராத்திரி பாட்டுக் கேட்க நல்ல ஹெட்போன் ஒன்று சொல்லு" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். ஒரே வரியில் பதில் சொல்லத் தெரிந்த ஆளாக நான் இருந்தால் என் அலமாரியில் இத்தனை காலி டப்பா இருக்காது.

முதலில் வீட்டுச் செய்தி. பெரியவள் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். சின்னவன் பிளஸ் டூ, வீட்டில் எல்லாருக்கும் பரீட்சை. எனக்கு முழங்கால் படி ஏறும்போது தனியாகத் தாளம் போடுகிறது. அம்மாவின் இடுப்பு இப்போது எப்படி? கூடத்தில் அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்கிறேன், ராத்திரி இரண்டு மூன்று தடவை கூப்பிடுவார் என்று எழுதியிருந்தாய். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், ஆனால் அதற்கு வருவதற்குள் கொஞ்சம் சுற்றுவேன், பொறுத்துக்கொள்.

ரெண்டு வாரமாக வீட்டில் மூன்று ஹெட்போன்களை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு என்னுடையவை: சென்ஹைசர் எச்டி 600, பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவில் 80 ஓம் ரகம் (ஓம் என்பது மின்சாரத்துக்கு அது காட்டும் தடையின் அளவு). மூன்றாவது அலுவலக நண்பர் ஒருவர் வெளிநாடு போகும்போது பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்த ஆடிஸி எல்சிடி-எக்ஸ். அதன் விலையைச் சொல்ல மாட்டேன், இந்தக் கடிதத்தை வீட்டில் பார்த்துவிட்டால் நம் இரண்டு பேருக்கும் கஷ்டம்.

ஆடிஸியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் முதல் பத்து நிமிஷம் அது என்னைச் சாய்த்துவிட்டது. ஒரு பழைய கச்சேரிப் பதிவு போட்டேன். மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தில், இடக்கை அடிக்கும் தொப்பிப் பக்கம், ஒரு கும்கி விழுந்தது பார், அது காதில் கேட்டதா வயிற்றில் கேட்டதா என்று தெரியவில்லை. ஆழத்திலிருந்து வழுக்கி மேலே வந்து நின்றது. சாதாரண ஹெட்போனில் சின்ன ஸ்பீக்கர் மாதிரி ஒரு கூம்பும் அதன் பின்னால் ஒரு சுருளும் இருக்கும். இதில் கூம்பே கிடையாது. காகிதத்தைவிட மெல்லிய ஒரு படலம், அதன்மேல் கோடு கோடாக உலோகத் தடம், பக்கத்தில் வரிசையாகக் காந்தங்கள். படலம் முழுவதும் ஒன்றாக அசைவதால் அடிச்சத்தம் கடைசி வரை தொய்யாமல் இறங்குகிறது.

அந்தக் காந்தம்தான் வினையும். 612 கிராம்! அரைக் கிலோ வெங்காயத்தைப் பையில் தூக்கிக்கொண்டு கடையிலிருந்து வரலாம், ஒன்றும் தெரியாது. அதையே தலையில் வைத்துக்கொண்டு ராகம் தானம் பல்லவி முழுக்க உட்கார்ந்து பார். இருபதாவது நிமிஷம் உச்சந்தலையில் ஒரு சூடு, நாற்பதாவது நிமிஷம் கழுத்தின் பின்னால் ஒரு பிடிப்பு, ஒரு மணி நேரத்தில் பாட்டு முடியட்டும் என்று காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். பாட்டு முடியட்டும் என்று நான் காத்திருப்பதா! இரண்டாவது வாரம் அது மேஜைமேல்தான் இருந்தது.

இன்னொரு விஷயம், இதில் நான் ஏமாறப் பார்த்தேன். ஒரே ஆம்ப்ளிஃபயரில், சத்தத் திருகை ஒரே இடத்தில் வைத்து மாற்றி மாற்றிக் கேட்டபோது ஆடிஸி உயிரோடு இருந்தது, எச்டி 600 தூங்கி வழிந்தது. அப்புறம்தான் உறைத்தது, ஆடிஸி 20 ஓம், எச்டி 600 முந்நூறு ஓம். அதே வோல்டேஜுக்கு முதலாவது பல மடங்கு சத்தமாகப் பாடும், இரண்டாவதற்கு இன்னும் கொஞ்சம் திருக வேண்டும். சத்தம் கூடினாலே நம் காது அதை "நல்லா இருக்கு" என்று எடுத்துக்கொள்ளும். ஹாஸ்டலில் உன் அறை டேப்பில் பாட்டு என் அறை டேப்பைவிட நன்றாக இருக்கிறது என்று நீ வருஷக்கணக்கில் பீற்றிக்கொண்டதற்கும் அதுதான் காரணம், இப்போதாவது ஒப்புக்கொள். போனில் டெசிபல் காட்டும் ஆப் ஒன்றைக் காதுப் பகுதியில் ஒட்டிப் பிடித்து மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன், முரட்டு முறைதான், ஆனால் அதற்கப்புறம் வித்தியாசம் பாதியாகக் குறைந்துவிட்டது.

பேயர்டைனமிக் நேர் எதிர். மாட்டியவுடன் சொர்க்கம். சாம்பல் நிற வெல்வெட் மாதிரி மெத்தை, கன்னத்தில் பட்டால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும், எடை 270 கிராம்தான். மூடிய ரகம் என்பதால் வெளிச்சத்தம் குறையும், உள்சத்தம் வெளியே போகாது. குறை என்னவென்றால் அதன் மேல்ஸ்தாயி. எட்டாயிரம் ஒன்பதாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருக்கிறது, பாடகி ஸ்வரம் பாடும்போது ஒவ்வொரு "ஸ"வும் ஊசி மாதிரி ஏறுகிறது. சின்னவனுக்கு அது தாங்கவில்லை, உடனே கழற்றிவிட்டான். எனக்கு அவ்வளவு உறுத்தவில்லையே என்று பார்த்தால், வெறும் ஒலி ஒன்றை மெல்ல மெல்ல உயர்த்திப் போட்டு இரண்டு பேரும் கேட்டோம், அவனுக்குப் பதினேழாயிரம் வரை கேட்கிறது, எனக்குப் பன்னிரண்டாயிரத்தோடு கடை சாத்திவிட்டார்கள். நம் வயதில் மேல்ஸ்தாயி நுணுக்கத்துக்காகக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா என்று அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அப்புறம் மே மாதம். மூடிய ஹெட்போனும் சென்னை மே மாதமும் சேராது. அரை மணி நேரத்தில் காதுக்குள் குளம் கட்டுகிறது. இதாவது துணி, துவைத்துப் போடலாம். இதற்கு முன் ஒன்று வைத்திருந்தேன், பெயர் வேண்டாம், செயற்கைத் தோல் மெத்தை. இரண்டே கோடையில் உரிய ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் கழற்றிவிட்டுக் கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டேன், இரண்டு காதைச் சுற்றியும் கறுப்புப் பொட்டு பொட்டாக ஒட்டியிருக்கிறது, பார்த்த ஒருத்தர் தோல் டாக்டர் பெயரே எழுதிக் கொடுத்தார். நம் ஊருக்குத் துணி மெத்தைதான், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

நீயும் கண்ணாடிக்காரன், அதனால் இதையும் கேள். மூடிய ரகத்தில் அடிச்சத்தம் நிற்பதே காதைச் சுற்றிக் காற்றுப் புகாமல் இருப்பதால்தான். காதுக்குப் பின்னால் போகும் கண்ணாடிக் கம்பி அந்த இடத்தில் ஒரு சந்து வைத்துவிடும். கண்ணாடியோடு கேட்டால் மிருதங்கம் கொஞ்சம் இளைத்துவிடுகிறது, கழற்றினால் திரும்பச் சதை போடுகிறது. நான் ஐந்தாறு தடவை போட்டும் கழற்றியும் பார்த்தேன், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, எச்டி 600. 1997இல் வந்த மாடல், இன்னும் விற்கிறார்கள். எடை 260 கிராம். திறந்த ரகம், பின்பக்கம் வெறும் வலைக்கம்பிதான், கேட்கிற பாட்டு அறைக்கும் போகும், அறையில் நடப்பது காதுக்கும் வரும். பெரிய கும்கியெல்லாம் இதில் கிடையாது, கீழே போகப் போகச் சத்தம் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். மேடை அகலமும் குறைச்சல், பாடுபவரும் வயலினும் மிருதங்கமும் ஒரே ஜமக்காளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்த மாதிரி. ஆனால் குரல்! குரலும் வயலினும் இதில் வருகிற மாதிரி மற்ற இரண்டிலும் வரவில்லை. ஆலாபனையில் மூச்சு எடுப்பதற்கு முன் உதடு பிரிகிற அந்தச் சின்ன ஓசை, வில் திரும்பும் இடத்தில் வருகிற உரசல், தம்புராவில் கம்பிக்கு அடியில் வைக்கிற ஜீவா நூலைச் சரிசெய்தபின் எழுகிற அந்த ரீங்காரம், இதெல்லாம் யாரோ வேண்டுமென்று தூக்கிக் காட்டாமல் தானாக இருக்கிறது.

வாங்கிய புதிதில் இதுவும் என்னைப் படுத்தியது. புது எச்டி 600 தலையை இடுக்கி மாதிரி பிடிக்கும். கண்ணாடியோடு மாட்டினால் அரை மணியில் காதுக்கு மேலே வலி. விரித்து வைத்தால் தளரும் என்று கேள்விப்பட்டுச் சமையலறையிலிருந்து துவரம் பருப்பு எவர்சில்வர் டப்பாவை எடுத்து அதன்மேல் மாட்டி வைத்தேன், தலையைவிட ஒரு விரல் அகலம்தான் அதிகம். காலையில் சாம்பார் வைக்க வந்த என் மனைவி பருப்பு டப்பா பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, அதைக் கழற்றி உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பருப்பை அளந்துகொண்டு போய்விட்டாள். நாலு ராத்திரி அப்படி வைத்தபின் சரியாகிவிட்டது. இப்போது தலையில் இருப்பதே மறந்துபோகிறது, ஒரு தடவை மாட்டிக்கொண்டே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய் வயரோடு ஆம்ப்ளிஃபயரையும் இழுத்துவிட்டேன்.

நல்லது இன்னொன்று, வயர், மெத்தை, தலைப்பட்டை எல்லாம் தனித்தனியாக வாங்கி மாற்றலாம். நாலு வருஷத்தில் மெத்தை அப்பளமாகிவிட்டது, காது உள்ளே இருக்கும் ஸ்பீக்கருக்கு ரொம்பக் கிட்டே போய்விட்டதால் சத்தமே மாறியிருந்தது. நான்தான் காது போய்விட்டது என்று நினைத்துப் பயந்திருந்தேன். புது மெத்தை போட்டதும் பழைய குரல் திரும்பியது.

இதன் ஒரே எதிரி மின்விசிறி. ஐந்தில் ஓடும் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தம்புராவைக் கேட்டால் எது தம்புரா எது விசிறி என்று தெரியாது. மூன்றில் வைத்துக் கேட்டால் வியர்வையும் பாட்டும் ஒரு சமாதானத்துக்கு வரும்.

இப்போது உன் விஷயம். நானே உனக்கு முதலில் பேயர்டைனமிக்தான் சொல்ல நினைத்தேன், அம்மா தூக்கம் கெடாது, கண்ணாடிக்கும் உறுத்தாது என்று. ஆனால் போன செவ்வாய்க்கிழமை அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கேஸ் சிலிண்டர்காரர் வந்து கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார், குக்கர் ஆறு விசில் அடித்துச் சாதம் குழைந்தது, எனக்கு ஒன்றும் தெரியாது. அப்போதுதான் உன் பாயும் அம்மாவின் கட்டிலும் ஞாபகம் வந்தது. உனக்கு மூடிய ரகம் வேண்டாம்டா. அம்மா "சரவணா" என்று மெல்லக் கூப்பிட்டால் பாட்டுக்கு நடுவில் அது காதில் விழ வேண்டும், அதற்குத் திறந்த ரகம்தான். சத்தம் கசியும், உண்மைதான், ஆனால் திருகைக் குறைத்து வைத்தால் நாலடி தள்ளிப் படுத்திருப்பவருக்குக் கொசு பாடுகிற மாதிரிதான் கேட்கும், அம்மாவுக்கு இப்போது கொஞ்சம் காது மந்தம் என்றும் நீயே எழுதியிருக்கிறாய். குறைந்த சத்தத்திலும் குரல் தெளிவாக வருவது எச்டி 600இல்தான். போனில் நேராகச் சொருகினால் சோர்ந்துதான் பாடும், சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று வேண்டும், என்னிடம் பழையது சும்மா கிடக்கிறது, காசெல்லாம் வேண்டாம்.

அவசரப்பட்டு வாங்கிவிடாதே. அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறேன், என்னுடையதையும் ஆம்ப்ளிஃபயரையும் எடுத்து வருகிறேன், ஒரு வாரம் வைத்துக்கொண்டு உன் வீட்டு ராத்திரியில், உன் விசிறிக்குக் கீழே கேட்டுப் பார். அதற்குள் உன் கண்ணாடிக் கம்பி தடியா மெல்லிசா என்று மட்டும் எழுது. தடி என்றால் இப்போதே பருப்பு டப்பாவில் மறுபடி மாட்டி வைக்க வேண்டும்.

உன்
பாலு