கதிருக்கு, போனட்டில் ஓட்டை போடுவதற்கு முன்

அன்புள்ள மருமகன் கதிருக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து போனதிலிருந்து உன் வண்டி நினைப்பாகவே இருக்கிறது. சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் 40 நிமிஷம் நின்றுவிட்டு மேம்பாலம் ஏறும்போது பிக்கப்பே இல்லை என்றாய். எஞ்சின் சூட்டைக் குறைக்க டர்போவுக்குப் போர்வை, புகை பைப்புக்கு ஹீட் ரேப் என்கிற சூடு தாங்கும் துணிச்சுற்று, போனட்டில் இரண்டு ஓட்டை என்று ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் விலை விசாரித்தும் வைத்திருக்கிறாய். ஃபோனில் பேசினால் பாதிதான் காதில் ஏறும். உன்னைப் போலவே கேட்டுக்கொண்டு நம் மெக்கானிக் ஷெட்டுக்கு வாரம் இரண்டு பேராவது வருகிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வண்டி ஏன் இழுக்கவில்லை என்று பார். டர்போ என்பது ஒரே தண்டில் கோத்த இரண்டு நத்தைக்கூடு. ஒன்று இரும்பு, அதில் எஞ்சின் புகை பாய்ந்து தண்டைச் சுற்றும். பெட்ரோல் எஞ்சினில் முழு மிதி மிதித்தால் அந்தப் புகை 900 டிகிரியைத் தாண்டும். மற்றது அலுமினியம், அது காற்றை அமுக்கி எஞ்சினுக்கு அனுப்பும். அமுக்குவதாலேயே அந்தக் காற்று சூடாகிறது, அதை ஆற்றத்தான் இன்டர்கூலர். நின்ற இடத்தில் நிற்கும்போது இன்டர்கூலர் மேல் காற்றே படாது, அதுவே சூடேறிப் போகும். 30 டிகிரியில் போகவேண்டிய காற்று 60 டிகிரியில் போனால், அதே அளவு இடத்தில் ஏறக்குறைய 9 சதவீதம் காற்று குறைந்துவிடும். அதோடு, பெட்ரோல் தானாகவே கண்டபடி வெடிக்கிற நாக்கிங் வராமல் இருக்க, எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. பிளக் பொறி விடும் டைமிங்கையும் பின்னால் தள்ளும். மேம்பாலத்தில் நீ பட்டது இதுதான்.

பெங்களூர்தான் குளுமையான ஊராயிற்றே என்று நினைக்காதே. நாம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 920 மீட்டரில் இருக்கிறோம். சென்னையைவிடக் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றவேண்டும், அதனால் காற்று இன்னும் சூடாகும்.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். அன்றைக்கு நீ உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போனட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது பக்கம், பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற சந்து இருக்கிறது. அங்கே காற்றை ரேடியேட்டருக்குள் திருப்பிவிடும் ஒரு பிளாஸ்டிக் ஏர் கைடு இருந்திருக்கவேண்டும். கிளிப் உட்காரும் துளைகள் இருக்கின்றன, கைடைக் காணோம். உனக்கு முன்னால் வைத்திருந்தவர் எங்கேயோ இடித்து, பம்பர் வேலை பார்த்த இடத்தில் அதை மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். வண்டி ஓடும்போது முன்னால் இருந்து வரும் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் அந்தச் சந்து வழியே தப்பிவிடுகிறது. டிராஃபிக்கில் நிற்கும்போது இன்னும் மோசம். ஃபேன் பின்னால் தள்ளும் சுடுகாற்று அதே சந்து வழியாக முன்னால் சுற்றி வருகிறது, ஃபேன் அதையே மறுபடி இழுக்கிறது. அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு ஃபேன் போட்ட கதை.

இன்னொன்றும் பார்த்தேன். டர்போவின் இரும்புக் கூட்டுக்கு மேலே மூடியிருக்கவேண்டிய தகட்டு ஷீல்டும் இல்லை. கடகடவென்று சத்தம் வந்திருக்கும், யாரோ கழற்றிப் போட்டுவிட்டார்கள். பழுக்கக் காய்ந்த இரும்பிலிருந்து சூடு காற்று வழியாக மட்டும் வருவதில்லை, வெயில் மாதிரி நேராகவே பாய்கிறது. ஒரு மெல்லிய தகடும் நடுவில் விரலளவு இடைவெளியும் போதும், பெரும்பகுதி நின்றுவிடும். அது இல்லாததால் பக்கத்தில் இருக்கும் வாக்குவம் ஹோஸ் என்கிற ரப்பர் குழாய் என் விரலில் அப்பளம் மாதிரி நொறுங்கியது. சென்சார் ஒயரை மாட்டும் கப்ளரின் பூட்டும் உடைந்திருக்கிறது. நீ வாங்க நினைக்கிற எல்லாவற்றுக்கும் முன்னால் கம்பெனி கொடுத்த இந்த இரண்டு பொருளும் திரும்ப மாட்டப்படவேண்டும். மாட்டாமல் வேறு எதைச் செய்தாலும் காசு வீண்.

ஹீட் ரேப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். சில வருஷம் முன்பு ஒரு வண்டிக்கு நானே என் கையால், டர்போவிலிருந்து புகை இறங்கும் டவுன்பைப் முழுக்கச் சுற்றிக் கொடுத்தேன். சூடு நன்றாகவே குறைந்தது, அவருக்கும் சந்தோஷம். இரண்டு மாதம் கழித்து எஞ்சின் தலையை மூடும் டேப்பட் கவரின் கேஸ்கெட்டில் லேசான ஆயில் கசிவு. வெறும் பைப்பாக இருந்தால் கருகல் வாசனை வந்திருக்கும், அவ்வளவுதான். சுற்றிய துணி எண்ணெயை விளக்குத்திரி மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டது. ஹெப்பாள் பக்கம் போகும்போது நெருப்பு பிடித்தது. வண்டியில் தீயணைப்பான் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கசிவு துளியும் இல்லாத எஞ்சினில்தான் ரேப் சுற்றலாம் என்பது என் முடிவு. மழை ஈரத்தைப் பிடித்துவைத்து சாதா இரும்புப் பைப்பை அது அரிக்கவும் செய்யும். டர்போ போர்வை அதைவிடப் பரவாயில்லை. ஆனால் இரும்புக் கூட்டுக்கு மட்டும்தான் போடவேண்டும். நடுவில் பேரிங் இருக்கும் பகுதியை மூடினால் ஆயில் உள்ளேயே வெந்து கரியாகிவிடும்.

போனட் ஓட்டை வேண்டாம். பின்பக்க கீலுக்கு அடியில் வாஷர் வைத்துத் தூக்கிவிடச் சொன்னதாகச் சொன்னாயே, அதுவும் வேண்டாம். வண்டி ஓடும்போது முன் கண்ணாடிக்கு அடியில் காற்றழுத்தம் அதிகம். சூடு வெளியே வராது, காற்றுதான் உள்ளே நுழையும். நிற்கும்போது கொஞ்சம் சூடு வெளியேறும், வாஸ்தவம்தான். ஆனால் ஏசிக்குக் காற்று எடுக்கும் வாயும் அங்கேதான் இருக்கிறது. எஞ்சின் வாசனை முழுக்க உள்ளே வரும், பின்சீட்டில் உன் குழந்தை உட்கார்ந்திருக்கும்.

எஞ்சினை ஆற்றும் கூலண்ட் திரவத்தின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடு என்று யார் சொன்னாலும் கேட்காதே. கூலண்ட் 95 டிகிரி காட்டினால் பயப்படவும் வேண்டாம், அது ஓடவேண்டிய சூடுதான். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதே, உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். சாவி எடுத்த பிறகும் ஃபேன் ஓடுவதால் பேட்டரி போய்விடும் என்று ஒயரை வெட்டச் சொன்னாராமே ஒருவர், அவர் பக்கமே போகாதே. எஞ்சினை நிறுத்திய பிறகுதான் டர்போவின் சூடு பேரிங்குக்கு ஏறும். அந்த நேரத்தில் ஓடும் ஃபேன்தான் அதைக் காப்பாற்றுகிறது. வீட்டுக்கு வந்ததும் பத்து நிமிஷம் போனட்டைத் திறந்து வை, பைசா செலவில்லாத வைத்தியம்.

இந்த வாரம் வண்டி கம்ப்யூட்டரின் எண்களைக் காட்டும் ஒரு ஓ.பி.டி. ஸ்கேனர் மாட்டிக்கொண்டு ஆபீஸ் போ. சில்க் போர்டில் நிற்கும்போதும், மேம்பாலம் ஏறும்போதும் உள்ளே போகும் காற்று எத்தனை டிகிரி என்று குறித்து வை. கைடும் ஷீல்டும் மாட்டின பிறகு அதே வழி, அதே நேரம், இன்னொரு தடவை. அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் போர்வை வேண்டுமா என்று பேசுவோம்.

கைடுக்குச் சொல்லி வைத்துவிட்டேன், வெள்ளிக்கிழமை வந்துவிடும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரில் மெட்ரோ வேலைத் தூசி அப்பியிருக்கிறது, அதையும் கழுவிவிடலாம். சனிக்கிழமை ராத்திரியே வண்டியைக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டுவிடு, விடியும்வரை ஆறினால்தான் டர்போ பக்கம் கை வைக்க முடியும். அக்காவிடம் சொல், ஞாயிறு மத்தியானம் சாப்பாடு நம் வீட்டில்.

அன்புடன்,
மாமா
ஸ்ரீராம்புரம், பெங்களூர்