என் மாத்திரையும் மகனின் மாத்திரையும்

ஆசிரியருக்கு,

மனச்சோர்வு மாத்திரைகளைப் பற்றி உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் பிள்ளைகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி தெரியாமல் தவித்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் 6 ஆண்டுகளாக ஃப்ளூவாக்ஸ்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறேன். முதல் வாரம் கொஞ்சம் குமட்டியது, அவ்வளவுதான். என் மகனுக்கு 9 வயதில் அதே மாத்திரையை, அதே 20 மில்லிகிராமில் எழுதிக் கொடுத்தார்கள். எனக்குப் பழகிய மருந்துதானே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் இரவு 2 மணிக்கு அவன் அறையில் விளக்கு எரிந்தது. புத்தகங்களையெல்லாம் தரையில் இறக்கி வைத்து, அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தான். உட்கார வைத்தால் மறு நொடியே எழுந்துவிடுகிறான். "அம்மா, காலுக்குள்ள எறும்பு ஓடுது" என்றான். மறுநாள் தங்கையைக் கடித்துவிட்டான். யார் மேலும் கை ஓங்காத பிள்ளை. அன்று மாலை, "நான் இல்லன்னா உனக்குக் கஷ்டம் இருக்காதுல்ல?" என்று கேட்டான். நோய் முற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். மருந்தின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அப்புறம் வேறொரு மருத்துவரிடம் ஓடினோம். அவர் குழந்தைகள் மனநலம் பார்ப்பவர். முதலில் அவனை நிறுத்தி எடை பார்த்தார். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 20 மில்லிகிராம் கொடுத்தால், அதே அளவு சாப்பிடும் பதின்ம வயதினரைவிட ஏறக்குறைய இரு மடங்கு மருந்து இரத்தத்தில் சேருமாம். அதனால் எடை குறைந்த பிள்ளைகளுக்கு 10 மில்லிகிராமில் தொடங்குவார்களாம். இந்தப் படபடப்பும் தூக்கமின்மையும் சிறுபிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும் என்றார். எனக்கு அப்படி வந்திருந்தால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே சொல்லியிருப்பேன். அவனுக்குச் சொல்லத் தெரிந்தது எறும்பு மட்டும்தான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 2004-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மனச்சோர்வு மாத்திரைகளை வைத்துப் பிள்ளைகளிடம் நடந்த 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தற்கொலை எண்ணமோ முயற்சியோ மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 4 சதவீதம், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 சதவீதம். அந்த ஆய்வுகளில் யாரும் இறக்கவில்லை. ஆனாலும் மருந்துத் தாளில் கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் இந்தக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. எனக்கு எதுவும் ஆகாததை வைத்து என் பிள்ளைக்கும் ஆகாது என்று நான் எண்ணியது எவ்வளவு தவறு!

மற்ற மருந்துகளிலும் இப்படி உண்டு. என் அக்கா மகள் ஆட்டிசத்தோடு வரும் மூர்க்கத்துக்கு ரிஸ்பெரிடோன் சாப்பிட்டாள். மூன்றே மாதத்தில் பழைய சட்டை ஒன்றும் நுழையவில்லை. இந்த மருந்தால் பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு எடை வேகமாக ஏறும் என்பது அதற்கப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். மருத்துவரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். என் மகனுக்கு மருத்துவர் சில நாள் இடைவெளி விட்டு 10 மில்லிகிராமில் மறுபடி தொடங்கினார், கூடவே ஆலோசனையும். இரண்டு மாதத்தில் பள்ளிக்குப் போனான். இப்போது 11 வயது.

நான் கேட்பது இதுதான். மருந்து எழுதும் அன்றே, முதல் சில வாரங்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள்: தூக்கம் குறைகிறதா, ஓரிடத்தில் இருக்க முடியவில்லையா, திடீர்க் கோபம் வருகிறதா, சாவைப் பற்றிப் பேசுகிறானா. உங்கள் பக்கத்திலும் இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். எங்கள் வீட்டில் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே ஒரு நோட்டு இருக்கிறது. எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை மணிக்கு எழுந்தான் என்று தினமும் எழுதுகிறேன். மருத்துவர் என்னிடம் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.

இப்படிக்கு,
ஒரு தாய்
(பெயர் வெளியிட வேண்டாம்)