தேய்க்கும் முன் ஒரு தடவை கவிழ்த்துப் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மூன்று படங்களும் வந்து சேர்ந்தன. வெள்ளி ஜாடி, பூப் போட்ட பீங்கான் தட்டு, பச்சைக் கண்ணாடிப் பூச்சாடி. மூன்றையும் நேருக்கு நேர் வைத்து அழகாகத்தான் எடுத்திருக்கிறாய். ஆனால் ஒன்றையாவது கவிழ்த்து எடுக்கத் தோன்றவில்லையே! இந்தப் பொருள்களின் ஜாதகமே அடியில்தான் இருக்கிறது.

அதை விட்டுவிடலாம். "ஜாடி ரொம்பக் கறுத்துக் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பாலிஷ் போட்டுவிட்டு மறுபடி படம் அனுப்புகிறேன் அண்ணா" என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய் பார், அதற்காகத்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். துணியைக் கீழே வை.

நானும் அதைச் செய்து கெட்டவன்தான். சேகரிக்கத் தொடங்கிய புதிதில் ஒரு மெழுகுவத்தித் தண்டு வாங்கினேன். வெள்ளி என்று சொல்லித்தான் விற்றார்கள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து தேய்த்தேன். துணி கறுத்தது, தண்டு மின்னியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை நிற்கவில்லை. அப்புறம் பார்த்தால், விளிம்பில் நகமளவுக்கு இளஞ்சிவப்பாக ஒரு திட்டு. துரு என்று நினைத்து அழுத்தித் தேய்த்தேன். திட்டு பெரிதாயிற்று. உள்ளே இருந்த செம்பு வெளியே வந்துவிட்டது.

அது ஷெஃபீல்ட் பிளேட். 1740களில் தாமஸ் போல்சோவர் என்ற கத்தி செய்பவர் கண்டுபிடித்த வேலை. செம்புக் கட்டியின் மேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சூட்டில் ஒட்டவைத்து, இரண்டையும் சேர்த்து உருட்டித் தகடாக்குவார்கள். செம்பின் மேல் வெள்ளி ஒரு மெல்லிய தோல், அவ்வளவுதான். எனக்கு முன்னால் எத்தனையோ கைகள் அந்தத் தோலைத் தேய்த்திருக்கும். மிச்சத்தை நான் முடித்து வைத்தேன். மறுபடி முலாம் பூசிவிடலாமே என்பாய். 1840இல் எல்கிங்டன் நிறுவனம் காப்புரிமை வாங்கிய மின்முலாம்தான் இந்தப் பழைய வேலையையே ஒழித்துக்கட்டியது. அதையே இதன் மேல் பூசுவதா? மனசு வரவில்லை. தண்டு இன்னும் அந்தத் திட்டோடுதான் அலமாரியில் நிற்கிறது.

கறுப்பை அழுக்கு என்று நினைக்கிறோம். காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் சில்வர் சல்ஃபைடு அது. அதாவது கறுப்பிலும் வெள்ளிதான் இருக்கிறது. தேய்க்கத் தேய்க்கப் பொருளே குறையும். செதுக்கு வேலையின் குழிகளில் தங்கிய கறுப்புதான் பூவையும் கொடியையும் எடுத்துக்காட்டும். முக்கி எடுக்கும் திரவத்தில் போட்டால் அதுவும் போய், வேலை மொட்டையாக நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் மிதமான சோப்பு, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தல்: இப்போதைக்கு இது போதும். ரப்பர் பேண்ட் மட்டும் போட்டு வைக்காதே, அதிலும் கந்தகம் உண்டு.

சரி, இப்போது ஜாடியைக் கவிழ். நடக்கும் சிங்கம் ஒன்று தெரிந்தால் அது இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் முத்திரை, ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. 1544இலிருந்து அந்தச் சிங்கம் நடந்துகொண்டிருக்கிறது. கூடவே நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் சோதித்து முத்திரை போட்டது. கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் எப்படி என்று கேட்காதே, ஒரு மதுக்கடையின் பெயர்ப்பலகையிலிருந்து வந்தது என்று கதை சொல்வார்கள். பக்கத்தில் இருக்கும் ஒற்றை எழுத்து ஆண்டைச் சொல்லும். EPNS (எலக்ட்ரோ பிளேட்டட் நிக்கல் சில்வர்) என்று நாலு எழுத்து இருந்தால் மின்முலாம். அதில் வரும் 'நிக்கல் சில்வர்' என்ற உலோகத்தில் பெயரைத் தவிர வெள்ளி கிடையாது. முலாம் போட்டவர்கள் வெள்ளி முத்திரை மாதிரியே சின்னச் சின்னக் கேடயங்களை வரிசையாக அடித்து வைத்திருப்பார்கள். தூரத்தில் பார்த்தால் அசந்துபோவாய்.

நிஜ முத்திரையே பொய் சொல்வதும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் வரியை ஏய்க்க, சின்னப் பொருளில் முத்திரை வாங்கி, அந்தத் துண்டை வெட்டிப் பெரிய பொருளில் பற்றவைத்திருக்கிறார்கள். முத்திரையைச் சுற்றி வாயால் ஆவி விட்டுப் பார். பற்றவைத்த கோடு ஒரு நொடி தெரிந்து மறையும். பூதக்கண்ணாடிக்கு அகப்படாததும் சில சமயம் இதற்கு அகப்படும்.

பீங்கானில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். தட்டின் பின்னால் நீலத்தில் இரண்டு வாள் குறுக்கே கிடந்தால் ஜெர்மனியின் பேர்போன மைசன் பீங்கான் என்று துள்ளாதே. அந்த வாளைக் காப்பியடித்த பட்டறைகள் ஏராளம். சீனாவில் மன்னர் காங்ஷி காலத்துக் குயவர்கள் (1662–1722) தங்கள் பாத்திரத்தில் அதற்கு முந்தைய மிங் வம்சத்து மன்னர் செங்குவாவின் (1465–1487) முத்திரையை எழுதினார்கள். பெரும்பாலும் அது மோசடி இல்லை, முன்னோர் வேலைக்குச் செய்த மரியாதை. 19ஆம் நூற்றாண்டில் வந்தவர்கள் காங்ஷி முத்திரையை எழுதினார்கள்! தட்டில் நாட்டின் பெயர் இருந்தால் அநேகமாக 1891க்குப் பிந்தியது, ஏனென்றால் அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. பெயர் இல்லை என்பதற்காகப் பழசு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே எழுத்தை விட்டுவிட்டுத் தேய்மானத்தைப் பார். முத்திரை போட ஒரு நிமிஷம் போதும், தேய்மானத்துக்கு வருஷங்கள் வேண்டும். தட்டின் அடி வளையத்தை விரலால் தடவு. பழையதில் உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுப்பாகியிருக்கும். விரல் நுனிகளில் தட்டை ஏந்தி மெதுவாகச் சுண்டு. ணங் என்றால் நல்லது, டொக் என்றால் எங்கோ விரிசல். பின்பக்கம் கம்பித் தையல் போட்ட தட்டு கிடைத்தால் எனக்குச் சொல். முன்பக்கம் ஊடுருவாமல் துளை போட்டு உடைசலைச் சேர்த்த கை வேலை அது. பலர் ஒதுக்கிவிடுவார்கள், நான் விடமாட்டேன்.

கண்ணாடியிலும் அடிதான் பேசும். பூச்சாடியின் அடியில் மெல்லிய கீறல்கள் நாலா திசையிலும் தாறுமாறாக ஓடினால் அது புழங்கிய பொருள். எல்லாக் கீறலும் ஒரே பக்கமாக வரிசையில் ஓடினால், பழசாகக் காட்ட உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள். பச்சை நிறம் என்பதால் புறஊதா டார்ச்சையும் அடித்துப் பார்ப்பாய், தெரியும். இருட்டில் பளீரென்று பச்சையாக ஒளிர்ந்தால் யுரேனியம் கலந்த கண்ணாடி. பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் அதைப் புதிதாகவும் செய்கிறார்கள், ஒளி வயதைச் சொல்லாது.

ஞாயிற்றுக்கிழமை பாலிஷுக்கு வைத்திருந்த நேரத்தில் மூன்றையும் ஜன்னலோரம் மெத்தையான துண்டின் மேல் கவிழ்த்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி படம் எடு. ஜாடியைக் கறுப்போடுதான் பார்க்க வேண்டும். ஏற்கெனவே தேய்க்க ஆரம்பித்துவிட்டாய் என்றால், விளிம்பில் சிவப்பு தெரிகிறதா என்று மட்டும் உடனே சொல்.

அன்புடன்,
அண்ணன்