இப்போது வாங்கலாமா, பொறுக்கலாமா? கிராமத்தில் நிலமும் வீடும் தேடுபவர்களுக்கு எங்கள் மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாக எங்கள் அலுவலகத்துக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "இப்போது வாங்கிவிடலாமா, பொறுத்தால் விலை இறங்குமா?" ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரு தடவை உட்கார்ந்து முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு விஷயம். நாங்கள் தரகர்கள். நீங்கள் வாங்கினால்தான் எங்களுக்கு வரும்படி. பொறுங்கள் என்று சொல்வதில் எங்களுக்குக் காலணா லாபம் கிடையாது. அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

நகரத்து அடுக்குமாடியில் நூறு வீடும் ஒரே அச்சு. போன மாதம் மூன்றாம் மாடி என்ன விலைக்குப் போனது என்று தெரிந்தால், இந்த மாதம் நாலாம் மாடி என்ன போகும் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். கிராமத்தில் அந்தக் கணக்கு ஓடாது. ஓர் ஊரில் மனையும் வயலுமாக 300 சொத்து இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் ஒரு சொத்தைச் சராசரியாக 30 ஆண்டு வைத்திருந்தால், ஆண்டுக்குப் பத்துதான் கைமாறும். அதிலும் சில அண்ணன் தம்பிக்குள்ளேயே முடிந்துவிடும். சிலவற்றைப் பக்கத்து வயல்காரரே பேசி முடித்துவிடுவார். நம் காதுக்கே வராது. வெளியாள் வாங்குவதற்கு என்று மிஞ்சுவது நாலைந்து. அந்த நாலைந்தில் ஒன்று கிணறும் தோப்புமாக அமைந்து நல்ல விலைக்குப் போனால், ஊரில் விலை ஏறிவிட்டது என்று பேச்சு கிளம்பும். அடுத்த வருஷம் பாதையே இல்லாத ஒரு மேட்டு நிலம் விற்றால், விலை விழுந்துவிட்டது என்பார்கள். ஏறவும் இல்லை, விழவும் இல்லை; விற்ற சரக்கு வேறு, அவ்வளவுதான்.

அதனால்தான் "மார்க்கெட் எப்படி இருக்கிறது?" என்று கேட்கும்போது நாங்கள் கொஞ்சம் இழுக்கிறோம். நீங்கள் தேடுவது போன்ற நிலம் போன இரண்டு மூன்று வருஷத்தில் எத்தனை விற்றது, என்ன விலைக்கு விற்றது என்று கேளுங்கள். அதற்கு எங்களால் பதில் சொல்ல முடியும். சில நேரம் அந்தப் பதில் "ஒன்றே ஒன்று" என்றும் இருக்கும்.

விற்பவர் பக்கம் எப்படி என்று பார்ப்போம். கிராமத்தில் ஒருவர் நிலத்தை விற்பது அநேகமாக அவர் வீட்டுச் சமாச்சாரம். பெரியவர் காலமாகிப் பாகம் பிரிக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில் நிலைத்துவிட்டார்கள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கடன் நெருக்குகிறது. உடம்புக்கு முடியவில்லை. இதில் எதுவும் வட்டி விகிதத்தைப் பார்த்து நடப்பதில்லை. உங்களுக்குப் பிடித்த அந்த ஆற்றோரத்து நிலம் எப்போது விற்பனைக்கு வரும் என்பது அந்த வீட்டில் நடப்பதைப் பொறுத்தது. அது இருபது வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும் என்றால், விலை ஐந்து சதவீதம் இறங்கட்டும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. அதே சமயம், ஊரில் எங்கும் கிடைக்கிற சாதாரண மனைக்காக யாராவது உங்களை அவசரப்படுத்தினால், அவசரம் அவருடையது. உங்களுடையது அல்ல.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. காலம் மந்தமானால் கிராமத்தில் விலை சட்டென்று இறங்காது, விற்பனைதான் நின்றுபோகும். பரம்பரை நிலம், அடமானம் இல்லை, மாதத் தவணை இல்லை என்றால் விற்பவருக்கு என்ன அவசரம்? சொன்ன விலையிலேயே நின்றுகொண்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். ஆகவே சொல்லும் விலையை மட்டும் பார்த்து மார்க்கெட்டை எடைபோடாதீர்கள். விற்பனைப் பலகை எத்தனை மாதமாகத் தொங்குகிறது என்று பாருங்கள். வெயிலில் எழுத்தே வெளுத்துப்போன பலகை என்றால் அங்கே பேரம் பேச இடம் இருக்கிறது.

இதற்கு விலக்கு உண்டு, அது பெரிய விலக்கு. விற்பவர்கள் எல்லோரும் கடனில் இருந்தால் விலை சரியும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்தது இதுதான். 1970களில் தானிய ஏற்றுமதி பெருகி நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. இருக்கும் நிலத்தை அடமானம் வைத்து மேலும் நிலம் வாங்கினார்கள். பணவீக்கத்தை அடக்க வட்டியை உயர்த்தியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வேண்டி வந்தது. 1981இல் ஏக்கர் சராசரி 2,147 டாலராக இருந்தது 1986இல் 787 டாலர். பழைய விலையை மறுபடி தொட இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. உச்சத்தில் வாங்கியவர்களில் சொந்தப் பணத்தில் வாங்கி, உழுது பயிர் செய்தவர்கள் எப்படியோ தாண்டிவிட்டார்கள். அகலக்கால் வைத்தவர்கள்தான் நிலத்தை இழந்தார்கள்.

கடனே இல்லாமலும் விலை கரையலாம், மனிதர்கள் போய்விட்டால். ஜப்பானில் 2023இல் எடுத்த வீட்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 90 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். கிராமப்புறங்களில் உள்ளாட்சி அமைப்புகளே காலி வீடுகளுக்குப் பட்டியல் வைத்து, சிலவற்றைச் சும்மா கொடுப்பதுபோலக் கொடுக்கின்றன. அப்படி ஒரு வீடு கிடைத்தால் குடியிருக்க அருமையாக இருக்கும். ஆனால் அதை யாரிடம் திருப்பி விற்பீர்கள்? ஆகவே ஒரு ஊரில் வாங்குமுன் பள்ளிக்கூடத்தில் போன வருஷத்தைவிடப் பிள்ளைகள் கூடியிருக்கிறார்களா, குறைந்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பேருந்து முன்னைப்போல வருகிறதா, மருத்துவர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். விலைப் பட்டியலைவிட இது அதிகம் சொல்லும்.

வட்டி பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 20 ஆண்டுக் கடனில், ஒவ்வொரு லட்சத்துக்கும் 8 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 836. 9 சதவீதத்தில் 900. ஒரு சதவீதம் ஏறினால் தவணை ஏழரை சதவீதம் போலக் கூடுகிறது. விலை ஏழு சதவீதம் போலக் குறைந்தால்தான் உங்களுக்குச் சரிக்குச் சரி. வட்டி இறங்கட்டும் என்று காத்திருப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்: வட்டி இறங்கும்போது நீங்கள் மட்டும் வரமாட்டீர்கள், கூடவே நாலு பேர் வருவார்கள். வெறும் நிலத்துக்குக் கடன் கொடுக்க வங்கிகள் பொதுவாகவே தயங்கும். கையிலிருந்து போட வேண்டிய தொகை அதிகம், தவணைக் காலம் குறைவு. ஒப்பிட்டுப் பார்க்க அண்மையில் விற்ற சொத்து இல்லாததால், மதிப்பீட்டாளர் நீங்கள் பேசிய விலைக்குக் கீழேயே எழுதிவிடுவதும் உண்டு. அந்த இடைவெளியைக் கைப்பணத்தில்தான் அடைக்க வேண்டும். எனவே கடனுக்கு ஒப்புதல் வாங்கி வைத்துக்கொண்டு நிலம் தேடுங்கள். நிலத்தைப் பேசிவிட்டுக் கடன் தேடாதீர்கள்.

அப்புறம், எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள்? வரி, பதிவு, வக்கீல், எங்கள் தரகு எல்லாம் சேர்த்து வாங்கவும் விற்கவும் விலையில் பத்து சதவீதம் போகிறது என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 3 சதவீதம் விலை ஏறினாலும் போட்ட காசை எடுக்க மூன்று வருஷத்துக்கு மேலாகும். அத்தோடு விற்கிற நேரத்தில் வாங்க ஆள் கிடைக்க வேண்டும். இரண்டு மூன்று வருஷத்தில் கிளம்பிவிடலாம் என்ற எண்ணம் மனதின் மூலையில் இருந்தால் வாடகைக்குப் போங்கள். கிராம வாழ்க்கை ஒத்துவருமா என்றே தெரியாதவர்களுக்கும் எங்கள் ஆலோசனை அதுதான். ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார்த்தவர், எந்தத் தெருவில் வாங்கக்கூடாது என்று எங்களுக்கே சொல்லித்தருவார்.

இனி இந்த மடல் எழுதவே காரணமான விஷயத்துக்கு வருகிறோம். சில வருஷங்களுக்கு முன், நல்ல மழைக்காலத்தில் ஒரு வாடிக்கையாளரைக் கூட்டிப்போய் ஒரு நிலத்தைக் காட்டினோம். கிணறு ததும்பிக்கொண்டிருந்தது, எங்கும் பச்சை. இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருந்தார், அது உண்மைதான். "தள்ளிப்போட்டால் போய்விடும்" என்றோம். அவர் அந்த வாரமே முன்பணம் கொடுத்தார். கோடையில் போய்ப் பார்த்தால் கிணற்றின் அடியில் பாறை தெரிந்தது. நாங்கள் காரில் போன பாதை, பக்கத்து வயல்காரர் தரிசாகப் போட்டிருந்த நிலம். அவர் உழுது வேலி கட்டியதும் பாதை போய்விட்டது. பத்திரத்தைப் புரட்டினால் பாதை உரிமை பற்றி ஒரு வரி கூட இல்லை. பேசித் தீர்க்க இரண்டு வருஷம் ஆனது. தரகைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் அதன்பிறகு எங்களிடம் ஒருவரைக் கூட அனுப்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நாங்களும் அனுப்பியிருக்க மாட்டோம்.

அன்றிலிருந்து எங்களுக்குள் பேசிப்பேசி இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். இனி நிலமாக இருந்தாலும் வீடாக இருந்தாலும் இரண்டு பருவத்தில் பார்த்தபிறகே முன்பணம் கொடுக்கச் சொல்வோம்: வறட்சி உச்சத்தில் ஒரு தடவை, மழை உச்சத்தில் ஒரு தடவை. பனி விழும் பகுதி என்றால் பனி மூடிய நேரத்திலும் ஒரு தடவை. வறட்சியில் தண்ணீரைப் பார்ப்போம். மோட்டாரைச் சில மணி நேரம் ஓடவிட்டு மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தியபின் எவ்வளவு நேரத்தில் ஊறி ஏறுகிறது என்று குறித்துக்கொள்வோம். மழையில் மற்ற எல்லாவற்றையும் பார்ப்போம்: தண்ணீர் எங்கே தேங்குகிறது, வண்டி உள்ளே போகிறதா, கூரை எங்கே ஒழுகுகிறது, சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறுகிறது. கழிவுநீர்த் தொட்டி கட்டப்போகிறவர்கள் அந்த இடத்தில் ஒரு குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, அது எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்க்க வேண்டும். களிமண் நிலத்தில் மறுநாளும் அப்படியே நிற்கும். அங்கே வீடு கட்டுவதற்கு ஆகும் செலவே வேறு.

இத்தனை நாள் விற்பவர் காத்திருப்பாரா? சிலர் மாட்டார்கள். அப்படி நேரம் இல்லாதபோது, சிறு தொகை கொடுத்து, தண்ணீர், பாதை, எல்லை, பத்திரம் நான்கும் சரியாக இருந்தால்தான் வாங்குவோம், இல்லையென்றால் கொடுத்ததைத் திருப்ப வேண்டும் என்று எழுத்தில் போட்டுக்கொள்வோம். நிலத்தில் பயிர் நின்றால் அறுவடை யாருக்கு என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பவரிடம் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்று கேட்போம். பதில் பிடிக்கவில்லை என்றால் அந்த நிலத்தை உங்களுக்குக் காட்ட மாட்டோம்.

புதுச் சாலை வருகிறது, தொழிற்சாலை வருகிறது என்ற பேச்சை நம்பி வாங்கக் கேட்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. செய்தி உங்கள் காதுக்கு வரும்போது அது விலையில் ஏற்கெனவே ஏறியிருக்கும். வரைபடத்தில் கோடு போட்ட சாலைக்கும், பணம் ஒதுக்கி வேலை தொடங்கிய சாலைக்கும் நடுவில் பல வருஷம் இருக்கும். அந்தக் கோடு உங்கள் நிலத்தின் நடுவே போகவும் கூடும். திட்ட அலுவலகத்தில் போய்ப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

பெயர் கொடுத்துவைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் வறட்சிப் பருவத்து முதல் சுற்றுக்குத் தனித்தனியாகச் சொல்லி அனுப்புகிறோம். காலையில் வெயில் ஏறுமுன் கிளம்புவோம். நல்ல செருப்பும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவாருங்கள். வீட்டில் முடிவெடுப்பவர் வேறு ஒருவர் என்றால் அவரையும் கூட்டிவாருங்கள். இரண்டு தடவை பார்த்தபின் வேண்டாம் என்று சொன்னாலும் எங்களுக்கு எதுவும் தர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் நிலம், வீடு தரகு அலுவலகத்தார்

பி.கு.: ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டு, ஒரு பருவத்தில் மட்டுமே நிலத்தைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கிரயத்துக்கு முன் கூப்பிடுங்கள். கூட வந்து இன்னொரு தடவை பார்க்கிறோம்.