சடங்கு வேறு, சட்டப் பதிவு வேறு

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வெளிநாட்டில் மணம் முடிக்க விரும்பும் ஜோடிகள் இடத்தையும் அலங்காரத்தையும் மாதக்கணக்கில் தேடுகிறார்கள். அந்தத் திருமணம் சட்டப்படி செல்லுமா என்று விசாரிப்பவர்கள் குறைவு. இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

பிரான்சில் நகரமன்றத்தில் நடக்கும் பதிவுத் திருமணம் மட்டுமே சட்டப்படியானது. தேவாலயச் சடங்கு அதன் பிறகுதான். மணமக்களில் ஒருவரோ அவர்களின் பெற்றோரில் ஒருவரோ அந்த ஊரில் குடியிருக்க வேண்டும், அல்லது குறைந்தது ஒரு மாதமாவது தொடர்ந்து தங்கியிருக்க வேண்டும். ஒரு வாரச் சுற்றுலாவில் இது நடக்காது. இந்தோனேசியாவின் 1974-ஆம் ஆண்டுச் சட்டமோ, திருமணம் மணமக்களின் மத முறைப்படி நடக்க வேண்டும் என்கிறது. தாய்லாந்தில் கடற்கரையில் மோதிரம் மாற்றினால் போதாது. மாவட்ட அலுவலகத்தில் பதிய வேண்டும். இத்தாலி, மணத்துக்குத் தடையில்லை என்று சொந்த நாடு தரும் சான்றைக் கேட்கிறது.

ஆவணங்களுக்கு, 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளிடையே ஆவணம் உண்மையானது என்று அதை வழங்கிய நாடே உறுதிசெய்யும் 'அப்போஸ்தில்' முத்திரை பெற்றால் போதும். மற்ற நாடுகளுக்குத் தூதரகச் சான்றொப்பம் தேவை. மொழிபெயர்ப்புக்கும் நாளாகும். பதிவு செல்லாவிட்டால் துணைவர் விசாவும் வாரிசுரிமையும் சிக்கலாகும். திருமண ஏற்பாட்டு நிறுவனங்கள் முன்பணம் வாங்கும் முன்பே இதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அரசுகள் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்