10 கோடிக்கு மேல் கைமாறும் குடும்பச் சொத்துக்கு வரி வேண்டும்: நாடாளுமன்ற நிதி நிலைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நாடாளுமன்ற நிதி நிலைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து தருவது, சொத்துப் பத்திரம் எழுதுவது, தணிக்கை பார்ப்பது ஆகியவை எங்கள் தொழில். யாரிடம் எவ்வளவு வரி பிடிக்கப்படுகிறது, யாரிடம் எந்த விதியால் பிடிக்கப்படாமல் போகிறது என்பதோடுதான் எங்கள் அன்றாடம். அதனால் ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பொதுவாகப் புலம்பாமல், செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தைக் கேட்கிறோம். ஒருவர் தம் ஆயுளில் உறவினரிடமிருந்து பரிசாகவோ உயில் மூலமோ வாரிசாகவோ பெறும் சொத்தைக் கூட்டிப் பார்த்து, அதில் 10 கோடி ரூபாயைத் தாண்டும் பகுதிக்கு வரி போடுங்கள்.

தமிழ்நாட்டின் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் நடக்கிற இரண்டு பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சீட்டுப் போட்டு, நகையை அடகு வைத்து ஒருவர் 20 லட்ச ரூபாய்க்கு மனை வாங்குகிறார். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 1,80,000 ரூபாய் கட்டினால்தான் பத்திரம் பதிவாகும். இன்னொருவர் 50 கோடி ரூபாய் வணிக வளாகத்தை மகனுக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கிறார். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்குத் தீர்வை 1 சதவீதம்தான். அதற்கும் 40,000 ரூபாய் உச்சவரம்பு உண்டு. பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000. இரண்டும் சேர்த்து 50,000 ரூபாயில் 50 கோடி கைமாறிவிடுகிறது. வருமான வரியாக மகன் ஒரு பைசாவும் கட்ட வேண்டியதில்லை.

அந்த உச்சவரம்பை எடுக்கச் சொல்லவில்லை. ஓட்டு வீட்டை மகளுக்கு எழுதிவைக்கும் குடும்பத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் 40 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கும் 400 கோடி மதிப்புள்ள வளாகத்துக்கும் ஒரே தீர்வை என்றால், அந்த 400 கோடியை வேறெங்காவது ஒரு சட்டம் தொட வேண்டும். இன்று எந்தச் சட்டமும் தொடுவதில்லை.

மனை வாங்கியவருக்கு இந்த விதிகளெல்லாம் தெரிந்திருக்காது. ஆனாலும் தன்னிடம் கறாராக வசூலிப்பவர்கள் பெரிய இடத்தில் கேட்பதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். சிமென்ட் மூட்டைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டி வீடு எழுப்புகிறவரும், வைப்புத்தொகை வட்டியில் டிடிஎஸ் பிடித்திருக்கிறார்களே என்று வங்கிச் சீட்டை எடுத்துக்கொண்டு வருகிறவரும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: எங்களிடம் மட்டும்தான் கணக்குக் கேட்பார்களா? ஒருவர் தொழில் நடத்தி முன்னுக்கு வந்தால் நம் மக்கள் மெச்சவே செய்கிறார்கள். பிறந்த வீட்டை வைத்தே எல்லாம் தீர்மானமாகிவிட்டது என்று தெரியவரும்போதுதான் மனம் வெறுத்துப் போகிறது. அந்த வெறுப்பில் நியாயம் இருக்கிறது. பாரிசிலுள்ள உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட கணக்கின்படி, 2022-23இல் இந்தியாவின் மொத்தச் சொத்தில் 40.1 சதவீதம் மேல்தட்டிலுள்ள 1 சதவீதம் பேரிடம் இருந்தது. வருமானத்தில் அவர்கள் பங்கு 22.6 சதவீதம்.

பெரும் பணக்காரர்கள்தான் வருமான வரியோடு, அந்த வரியின் மேல் போடும் சர்சார்ஜும் கட்டுகிறார்களே என்று உங்கள் முன் வாதம் வைக்கப்படும். அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வரிக்குரிய வருமானம் 20 லட்சம் உள்ள ஓர் ஊழியர் 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் செஸ் உட்பட 2,08,000 ரூபாய் கட்டுகிறார். அது 10.4 சதவீதம். 10,000 கோடி ரூபாய்க்குத் தம் நிறுவனப் பங்கு வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அரை சதவீதம் ஈவுத்தொகை என்றால் 50 கோடி. ஈவுத்தொகை மீதான சர்சார்ஜ் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு இருப்பதால், அவருக்கான உச்ச விகிதம் 35.88 சதவீதம். வரி சுமார் 18 கோடி. அதே ஆண்டு பங்கு விலை 10 சதவீதம் ஏறினால் சொத்து 1,000 கோடி கூடியிருக்கும். அவருக்கு உண்மையில் சேர்ந்த 1,050 கோடியில் வரி 2 சதவீதம்கூட வரவில்லை. பங்கை விற்றால்தானே மூலதன ஆதாய வரி? அவர் விற்பதில்லை. பணம் தேவைப்பட்டால் பங்கை ஈடு வைத்துக் கடன் வாங்கிக்கொள்ளலாம். அவர் காலமானதும் டீமேட் கணக்கிலிருந்து பங்குகள் வாரிசின் கணக்குக்குப் போகின்றன. அப்போதும் வரி இல்லை. வாரிசு என்றாவது விற்றால் 12.5 சதவீதமும் அதன் மேல் சர்சார்ஜும் செஸ்ஸும் உண்டு. ஆனால் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்குகளில் 2018 ஜனவரி 31 வரை ஏறிய மதிப்புக்கு அதுவும் கிடையாது. இரண்டு தலைமுறை வளர்ச்சி வரியையே பார்க்காமல் போய்விடுகிறது.

இதற்கு முன் போட்ட வரிகள் தோற்றுப்போயினவே என்பது அடுத்த வாதம். தோற்றது உண்மை. எதனால் தோற்றன என்பதும் ஏட்டிலேயே இருக்கிறது.

இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கு வரி போட்ட எஸ்டேட் தீர்வைச் சட்டம் 1953 அக்டோபர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டன் பொருளாதார அறிஞர் நிக்கலஸ் கால்டரின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, ஒருவரின் மொத்தச் சொத்து மதிப்பின் மீது ஆண்டுதோறும் போடும் சொத்து வரியை 1957இல் கொண்டுவந்தவர் அன்றைய நிதியமைச்சரான, சென்னையைச் சேர்ந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி. எஸ்டேட் தீர்வையின் உச்ச விகிதம் ஒரு கட்டத்தில் 85 சதவீதம்வரை போனது. அவ்வளவு கேட்டால் கட்டுவதைவிட மறைப்பதுதான் லாபம். மறைக்கவும் வழி இருந்தது. இறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பரிசாகக் கொடுத்துவிட்டால் தீர்வை இல்லை. பங்குப் பத்திரங்கள் காகிதமாக வங்கி லாக்கரில் கிடந்தன. ஒரே சொத்துக்கு எஸ்டேட் தீர்வைக்கு ஒரு மதிப்பீடு, சொத்து வரிக்கு இன்னொரு மதிப்பீடு என்று வழக்குகள் இழுத்தன. 1985இல் நிதியமைச்சர் வி.பி.சிங் எஸ்டேட் தீர்வையை ஒழித்தபோது ஆண்டு வருவாய் சுமார் 20 கோடிதான், நிர்வாகச் செலவோ அதிகம் என்றார்.

சொத்து வரியின் கதை வேறு. வரிச் சீர்திருத்தத்துக்கான ராஜா செல்லையா குழுவின் பரிந்துரையை ஏற்று 1993இலிருந்து பங்குகள், கடன் பத்திரங்கள், வங்கி வைப்புகள் எல்லாவற்றுக்கும் விலக்கு அளித்தார்கள். மிச்சம் இருந்தவை நகரத்துக் காலிமனை, கூடுதல் வீடு, கார், நகை, உல்லாசப் படகு, 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட கைரொக்கம் போன்றவை. பெருஞ்செல்வம் எதில் இருக்கிறதோ அதை வெளியே விட்டுவிட்டு, வசூல் குறைவு என்று 2015இல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். 2013-14இல் வசூல் 1,008 கோடி. அதற்குப் பதிலாக அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி 1 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதம் சர்சார்ஜ் கூட்டி, 9,000 கோடி வரும் என்றார். இதில் மாநிலங்களுக்கு நேர்ந்த இழப்பைப் பலரும் கவனிக்கவில்லை. வரி என்றால் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. 15ஆவது நிதிக்குழு அதை 41 சதவீதமாக வைத்தது. சர்சார்ஜில் மாநிலத்துக்குப் பங்கே இல்லை.

இனி வழிமுறைக்கு வருகிறோம். புதிதாக ஒரு மாபெரும் சட்டம் தேவையில்லை. உறவினர் அல்லாதவரிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் பரிசு வந்தால் பெற்றவரின் வருமானமாகக் கருதி வரி போடும் விதி ஏற்கெனவே இருக்கிறது. நண்பர் கொடுத்த 60,000 ரூபாய்க்கு வரி கேட்கும் அதே விதி, தாத்தா எழுதிவைத்த 600 கோடியை உறவினர் விலக்கு என்று விட்டுவிடுகிறது. அந்த விலக்குக்கு ஆயுள்கால உச்சவரம்பாக 10 கோடியை வையுங்கள். அதற்கு மேல் வருவதைச் சாதாரண வருமானத்தோடு சேர்க்காமல் தனி விகிதத்தில் வரியிடுங்கள். எங்கள் யோசனை: 10 கோடியிலிருந்து 50 கோடி வரை 10 சதவீதம், 500 கோடி வரை 20, அதற்கு மேல் 30. 60 கோடி பெற்றவர் 6 கோடி கட்டுவார், 54 கோடி அவரிடம் இருக்கும். அரசியல் சட்டத்தையும் திருத்த வேண்டியதில்லை. ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 87, 88ஆம் இனங்கள் இந்த அதிகாரத்தை இன்றும் நாடாளுமன்றத்துக்குத் தருகின்றன.

ஆயுள்கால வரவைக் கூட்டுவதால் சாவதற்கு முன்பே கொடுத்துவிடும் பழைய தந்திரம் செல்லாது. எப்போது கொடுத்தாலும் பெற்றவரின் பான் எண்ணில் ஏறிவிடும். இந்துக் கூட்டுக் குடும்பப் பாகப்பிரிவினையில் வருவதையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

தனியார் குடும்ப அறக்கட்டளைதான் கடினமான இடம். திரும்பப் பெறமுடியாத அறக்கட்டளைக்குச் சொத்தை மாற்றி, யாருக்கு எவ்வளவு என்பதை அறங்காவலர் முடிவுக்கு விட்டுவிட்டால், சட்டப்படி அந்தச் சொத்து குடும்பத்தில் எவருடையதும் அல்ல. அறக்கட்டளை சாவதில்லை, ஆகவே வாரிசுரிமை என்ற நிகழ்வே நடக்காது. இதை அடைக்காமல் வரி போட்டால் விவரம் தெரியாத சுமார் பணக்காரர்கள் மட்டுமே கட்டுவார்கள். பிரிட்டனில் இத்தகைய அறக்கட்டளைகளிடம் பத்தாண்டுக்கு ஒருமுறை 6 சதவீதம் வரை வசூலிக்கிறார்கள். நாமும் அதே வழியில் போகலாம்.

மதிப்பீட்டில் பட்டியலிட்ட பங்குக்குச் சிக்கல் இல்லை. ஆறு மாதச் சராசரி விலையை எடுத்தால் போதும். பங்குகளை மின்னணு முறையில் பதிந்து வைக்கும் என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் இரண்டிலும் எல்லாம் பான் எண்ணோடு பதிவாகியிருக்கிறது. 1953இல் இல்லாத வசதி இது. பட்டியலிடாத நிறுவனப் பங்கில்தான் ஏமாற்று நடக்கும். ஒரு நிறுவனத்துக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று அடுக்கி, கடைசியிலுள்ள நிலத்தைப் பழைய கொள்முதல் விலையில் காட்டினால் மேலேயுள்ள பங்கு ஒன்றுக்கும் உதவாதது போலத் தெரியும். அடுக்குகளை ஊடுருவி அடிச்சொத்தின் இன்றைய மதிப்பை எடுக்க விதி வேண்டும். விவசாய நிலம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், பண்ணை வீடுகளுக்குள் பணம் ஒதுங்காமலிருக்க மாநிலங்கள் அரசியல் சட்டத்தின் 252ஆம் பிரிவின்படி தீர்மானம் போட்டு ஒத்துழைக்க வேண்டும். 1953 சட்டம் இப்படித்தான் விவசாய நிலத்துக்கும் நீண்டது.

கையில் பணம் இல்லாமல் தொழிலை விற்க நேரிடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்குத் தவணைதான் வழி. தென்கொரியாவில் சாம்சங்கின் லீ குன்-ஹீ 2020 அக்டோபரில் காலமானபோது குடும்பத்துக்கு வந்த வரி 12 லட்சம் கோடி வொன்னுக்கு மேல். ஐந்தாண்டுகளில் ஆறு தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டார்கள், நிறுவனமும் நடக்கிறது. ஆனால் பணத்துக்குப் பதில் பங்காக வாங்குவதில் எச்சரிக்கை தேவை. அதே நாட்டில் நெக்சான் விளையாட்டு நிறுவனத்தின் தாய் நிறுவனமான என்எக்ஸ்சியின் 29.3 சதவீதப் பங்கை அரசு வரியாக ஏற்றது. நிர்வாகம் குடும்பத்தின் கையிலேயே இருந்ததால், 2023 டிசம்பரில் ஏலம் விட்டபோது வாங்க ஆள் வரவில்லை. எனவே பணத்துக்குப் பதில் பங்கை ஏற்றால் பட்டியலிட்ட பங்கை மட்டும் ஏற்க வேண்டும். மற்றதற்கு வட்டியோடு பத்தாண்டுத் தவணை போதும்.

2024 மக்களவைத் தேர்தல் பிரசாரத்தில் வாரிசு வரிப் பேச்சு வந்ததும் என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். பெண்களின் தாலியைக்கூட விடமாட்டார்கள் என்பதுவரை பேச்சுப் போனது, எந்தப் பெரிய கட்சியும் அந்த வரியைத் தன்னுடையது என்று சொல்லவில்லை. சாதாரணக் குடும்பங்களே பயந்தன. பவுன் ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால் 10 கோடியைத் தொட ஒருவர் 1,000 பவுன் பெற வேண்டும் என்று அவர்களிடம் யாரும் உட்கார்ந்து கணக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்லும் பொறுப்பு கட்சி கடந்த இந்தக் குழுவுக்கு இருக்கிறது.

கடைசியாக, உடனே செய்யக்கூடிய ஒன்று. வருமான வரிப் படிவத்தில் சொத்து, கடன் விவரம் கேட்கும் ஏஎல் அட்டவணை இருக்கிறது. அதை நிரப்ப வேண்டியவர்களின் வருமான வரம்பை 50 லட்சத்திலிருந்து 1 கோடியாக 2025-26 மதிப்பீட்டு ஆண்டில் உயர்த்திவிட்டார்கள். அதில் எழுதுவதும் வாங்கிய விலைதான். 1980இல் 2 லட்சத்துக்கு வாங்கிய பங்களா இன்றும் 2 லட்சம் என்றே படிவத்தில் நிற்கும். சொத்து எவ்வளவு இருந்தாலும் வருமானம் குறைவாகக் காட்டினால் அந்தப் பக்கத்தையே திறக்க வேண்டாம். இந்த அட்டவணையைச் சொத்து மதிப்பின் அடிப்படையில், அதாவது 10 கோடிக்கு மேல் உள்ள எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள். சந்தை அல்லது வழிகாட்டி மதிப்பில் நிரப்பச் சொல்லுங்கள். பெயர் இல்லாமல் தொகுத்து ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லுங்கள். இதற்கு வரி விகிதம் எதையும் தொட வேண்டியதில்லை. அடுத்த படிவ அறிவிக்கைக்கு முன் வருவாய்த் துறைச் செயலரை அழைத்து, இது ஏன் முடியாது என்று குழு கேட்க வேண்டும். அவர் தரும் பதிலை அவையில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டில் வரிக் கணக்கும் பத்திரமும் தணிக்கையும் பார்க்கும் சிலர்